இடைவெளிக்குப் பின் மீண்டும் வகுப்புக்கு: நர்சிங் அசோசியேட் பயிற்சியாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மகளுக்குப் பத்து மாதம் முடிந்த வாரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. செப்டம்பரில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அன்று இரவே குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து உடற்கூறியல் புத்தகத்தை எடுத்து சிறுநீரகப் பாடத்தைத் திறந்தேன். ஒரு வரியும் ஏறவில்லை. எல்லாம் மறந்துவிட்டது, இனி நம்மால் ஆகாது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. நான் முதலில் திறந்திருக்க வேண்டியது அந்தப் புத்தகத்தை இல்லை, என் மணிக்கணக்குப் பதிவேட்டை. மறந்த பாடம் வார்டில் நாலு நாள் நின்றால் தானாகத் திரும்பி வருகிறது. கணக்கில் விட்டுப்போன மணி நேரம் அப்படி வருவதில்லை. இந்த வழிகாட்டியில் படிப்பைவிட மணிக்கணக்கையும் காகித வேலையையும் பற்றி முன்னால் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இது இங்கிலாந்தில் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வேலையில் இருந்துகொண்டு அப்ரண்டிஸ்ஷிப் வழியாக நர்சிங் அசோசியேட் படிப்பவர்களுக்கானது. மகப்பேறு, நோய், ஊரில் ஒரு சாவு, குடும்பச் சிக்கல் என்று ஏதோ ஒன்றால் படிப்பு நின்று, இப்போது மறுபடி தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கோடை விடுமுறைக்குப் பிறகு திரும்புபவர்கள் இரண்டாம் படியிலிருந்து படித்தால் போதும்.

இந்தப் பணியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹெல்த்கேர் அசிஸ்டன்டுக்கும் பதிவு பெற்ற நர்ஸுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும் என்ற யோசனையை 2015இல் வில்லிஸ் பிரபு தலைமையில் வந்த அறிக்கை முன்வைத்தது. முதல் பயிற்சியாளர்கள் 2017 ஜனவரியில் தொடங்கினார்கள். நர்ஸ்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான என்.எம்.சி. இவர்களுக்கான பதிவேட்டை 2019 ஜனவரியில் திறந்தது. அதாவது இந்தப் பணி இன்னும் இளசு. வார்டில் இருபது வருடம் வேலை பார்த்த மூத்த நர்ஸுக்குக்கூட நீங்கள் என்ன படிக்கிறீர்கள், எதைச் செய்யலாம் என்பது சரியாகத் தெரியாமல் இருக்கலாம். விளக்கிச் சொல்ல வேண்டிய பொறுப்பு பாதி நாள் உங்கள் தலையில்தான் விழும். அதற்குத் தயாராக இருங்கள்.

படி 1: உங்கள் இடைவெளிக்கு ஏட்டில் என்ன பெயர் என்று பாருங்கள்

அப்ரண்டிஸ்ஷிப் விதிகளின்படி பயிற்சி நான்கு வாரமோ அதற்கு மேலோ நின்றால் அதற்கு ‘பிரேக் இன் லேர்னிங்’ என்று பெயர். வேலை தருபவர், பல்கலைக்கழகம், நீங்கள் என மூன்று பேரும் ஒப்புக்கொண்டு பதிவு செய்ய வேண்டிய விஷயம் இது. அந்தக் காலத்துக்குப் பயிற்சி நிதி நிற்கும். நீங்கள் திரும்பியதும் படிப்பு முடியும் தேதியும் தள்ளிப் போகும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மகப்பேறு விடுப்புக் கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மருத்துவமனையின் மனிதவளத் துறைக்கும் பல்கலைக்கழகத்தின் அப்ரண்டிஸ்ஷிப் அலுவலகத்துக்கும் நடுவில் தகவல் தானாக ஓடாது. ஒரு பக்கம் நீங்கள் விடுப்பில் இருப்பீர்கள், மறு பக்கம் வகுப்புக்கு வராதவர் என்று குறித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் திரும்புவதற்கு எட்டு வாரம் முன்பாவது அப்ரண்டிஸ்ஷிப் அலுவலகத்துக்கு எழுதி மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: இடைவெளி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பதிவாகியிருக்கிறது, புதிய முடிவுத் தேதி என்ன, எந்த மாட்யூல்கள் (பாடப் பகுதிகள்) பாக்கி.

மாட்யூல் விஷயத்தைக் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் பாடத்திட்டம் மாறியிருக்கலாம். பாதியில் விட்ட மாட்யூலைத் தொடர விடுவார்களா, முதலிலிருந்து உட்கார வேண்டுமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம் என்ற கெடுவும் இருக்கும். அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். வீடு மாறி வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர நினைத்தால், முன்பு படித்ததைப் படிப்பின் பாதி அளவுவரை ஏற்றுக்கொள்ள என்.எம்.சி. விதி இடம் தருகிறது. ஏற்பதும் மறுப்பதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் ஸ்பான்சர்ஷிப்புக்கே ஆபத்து வரலாம். மகப்பேறு, நோய் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. ‘கொஞ்ச நாள் சம்பளமில்லாமல் லீவு நீட்டிக்கொள்கிறேன்’ என்று வாய்மொழியாகப் பேசி முடிக்காதீர்கள்.

படி 2: மணிக்கணக்கு

இது கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

என்.எம்.சி. விதிப்படி இந்தப் படிப்பு குறைந்தது 2300 மணி நேரம். நர்ஸ் பட்டப்படிப்புக்கு வேண்டிய 4600 மணியில் சரிபாதி. அதில் பாதி பாடம், பாதி செயல்முறை. அப்ரண்டிஸ்களில் பெரும்பாலோர் படிப்பது, விதிப்புத்தகத்தில் ‘ஆப்ஷன் பி’ என்று இருக்கும் முறையில். அதன்படி மொத்த நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் கல்விக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். இன்னும் குறைந்தது 20 சதவீதம் உங்கள் சொந்த வேலையிடத்துக்கு வெளியே ப்ளேஸ்மென்டில் (வேறு இடத்தில் செய்முறைப் பயிற்சியில்) கழிய வேண்டும். மிச்ச நேரத்துக்கு, உங்கள் சொந்த வார்டிலேயே இருந்தாலும், ‘பாதுகாக்கப்பட்ட கற்றல் நேரம்’ உறுதி செய்யப்பட வேண்டும். 2300இல் 20 சதவீதம் என்றால் 460 மணி.

உங்கள் பல்கலைக்கழகம் இதைவிடக் கூடுதலாகவும் வைத்திருக்கலாம். கையேட்டைப் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தாளை எடுத்து மூன்று நெடுவரிசை போடுங்கள்: வகுப்பு, வெளி ப்ளேஸ்மென்ட், சொந்த வார்டில் கற்றல் நேரம். ஒவ்வொன்றிலும் வேண்டியது எவ்வளவு, கையெழுத்தோடு முடிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. ‘கையெழுத்தோடு’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நின்ற மணி வேறு, கையெழுத்தான மணி வேறு.

என் கணக்கில் நான் ஆறு வாரம் வெளி ப்ளேஸ்மென்ட் முடித்திருந்தேன். வாரம் 37.5 மணி என்றால் 225 மணி. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் 187.5 மணிக்குத்தான் கையெழுத்து இருந்தது. கடைசி வாரம் வாந்தியும் மயக்கமுமாக இருந்ததில் கையெழுத்து வாங்க மறந்துபோயிருக்கிறேன். அந்த சூப்பர்வைசர் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார். அந்த வார்டின் பழைய ஷிஃப்ட் அட்டவணையான ரோட்டாவைத் தேடிப் பிடித்து, யார் யாருக்கோ எழுதிப் பார்த்தும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாரத்தை மறுபடி நின்றுதான் முடித்தேன். ஆக 460இல் 187.5 போக 272.5 மணி பாக்கி, ஏழு வாரத்துக்கு மேல். கைக்குழந்தையோடு அந்த ஏழு வாரத்தை எப்போது வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேச முடிந்ததே, அந்தத் தாளில் கணக்கைப் போட்டதால்தான்.

வெளி ப்ளேஸ்மென்டில் இன்னொன்றையும் பாருங்கள். நர்சிங் அசோசியேட் என்பது பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கு துறைகளுக்கும் பொதுவான தகுதி. மருத்துவமனை, வீட்டருகே உள்ள சேவை, நோயாளியின் வீடு என்று இடங்களும் பலவிதமாக இருக்க வேண்டும். உங்கள் ஆறு வாரமும் பெரியவர்களுக்கான வார்டுகளிலேயே போயிருந்தால், மணி சரியாக இருந்தாலும் அனுபவத்தில் ஓட்டை விழுந்திருக்கும். குழந்தைகள் பிரிவிலோ டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் குழுவிலோ இடம் கிடைப்பது கடினம். முன்னாலேயே கேட்டால்தான் கிடைக்கும்.

படி 3: திரும்புவதற்கு முன் மூன்று பேரிடம் பேசுங்கள்

வார்டு மேனேஜர், பல்கலைக்கழகத்தில் உங்கள் பெர்சனல் ட்யூட்டர், மருத்துவமனையில் மாணவர்களைக் கவனிக்கும் ப்ராக்டிஸ் எஜுகேஷன் குழு. மூவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. தனித்தனியாகப் பேசினால் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டிருக்க மாட்டார், நடுவில் தபால்காரர் வேலை உங்களுக்கு.

மகப்பேறு விடுப்பில் இருப்பவர்களுக்குப் பத்து ‘கீப்பிங் இன் டச்’ நாட்கள் உண்டு. விடுப்பு முடியாமலே அந்த நாட்களில் வேலையிடத்துக்கு வந்து போகலாம். அவற்றை வார்டில் படுக்கை மாற்றிச் செலவழிக்காதீர்கள். இரண்டு நாள் கட்டாயப் பயிற்சிக்கு, ஒரு நாள் இந்தக் கூட்டத்துக்கு, ஒரு நாள் ட்யூட்டரைப் பார்க்க என்று மேனேஜரோடு பேசி வையுங்கள். இந்த நாட்களை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

கூட்டத்தில் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பு நாள் எது, அதற்கு முந்தின இரவு ஷிஃப்ட் போடாமல் ரோட்டாவில் பூட்டி வைக்க முடியுமா? என் ப்ராக்டிஸ் சூப்பர்வைசர் (கற்றுத் தருபவர்) யார், அசெஸர் (மதிப்பிடுபவர்) யார்? வெளி ப்ளேஸ்மென்ட் எந்த மாதங்களில்? நேரத்தைக் குறைத்து வேலைக்கு வர நினைத்தால், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலை நேரம் கேட்கும் உரிமை 2024 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வேலை நேரம் குறைந்தால் படிப்பு முடியும் தேதியும் தள்ளிப் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பேசி முடித்ததும் அன்றைக்கே எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இன்று நாம் பேசி முடிவு செய்தவை இவை’ என்று நாலு வரி. நம் ஊர்ப் பழக்கத்தில் பெரியவர்கள் வாயால் சொன்னதை எழுத்தில் கேட்பது அவமரியாதை என்று தோன்றும். இங்கே அது சாதாரண வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மேனேஜர் மாறினால் அந்த நாலு வரிதான் உங்களுக்குத் துணை.

படி 4: காலாவதியானதைப் புதுப்பியுங்கள்

இது சலிப்பான வேலை, ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம். கட்டாயப் பயிற்சிகளில் எவற்றின் தேதி கடந்துவிட்டது என்று பாருங்கள்: நோயாளியைத் தூக்குவது, நகர்த்துவது, உயிர்காப்பு முதலுதவி, தொற்றுத் தடுப்பு, சேஃப்கார்டிங் (பலவீனமானவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது), தகவல் பாதுகாப்பு. ஆக்குபேஷனல் ஹெல்த் (ஊழியர் உடல்நலப் பிரிவு) உங்களைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நோயால் இடைவெளி எடுத்தவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படும். எஃப்.எஃப்.பி.3 மாஸ்க் பொருத்தச் சோதனை, அடையாள அட்டை, கம்ப்யூட்டர் கடவுச்சொல், பல்கலைக்கழக நூலகக் கணக்கு. உடம்பு மாறியிருந்தால் சீருடையும் புதிதாகக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

படி 5: திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் எதைப் படிப்பது

எல்லாவற்றையும் படிக்க நினைத்தால் எதையும் படிக்க முடியாது. மூன்றே மூன்று போதும்.

முதலாவது மருந்துக் கணக்கு. இந்தப் படிப்பில் மருந்துக் கணக்குத் தேர்வில் 100 சதவீதம் வாங்கித்தான் தேற வேண்டும் என்பது என்.எம்.சி. விதி. தொண்ணூற்றொன்பது எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. அடிப்படை ஒன்றுதான்: வேண்டிய அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது இருக்கும் திரவத்தின் அளவால் பெருக்குவது. 375 மில்லிகிராம் வேண்டும், பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்றால், 375ஐ 125ஆல் வகுத்தால் 3, அதை 5ஆல் பெருக்கினால் 15 மில்லிலிட்டர்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில் இல்லை, அலகை மாற்றுவதில். டிகாக்சின் 0.125 மில்லிகிராம் என்று கேள்வியில் இருக்கும், மாத்திரை 62.5 மைக்ரோகிராம் என்று இருக்கும். 0.125 மில்லிகிராம் என்பது 125 மைக்ரோகிராம், ஆக இரண்டு மாத்திரை. முதலில் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டு வாருங்கள், அப்புறம் வகுங்கள். மைக்ரோகிராம், யூனிட் என்ற சொற்களைச் சுருக்கி எழுதக் கூடாது என்று பி.என்.எஃப். என்ற மருந்துக் கையேடு சொல்வதும் இந்தக் குழப்பத்தால்தான். கடைசியாக விடையைப் பார்த்து ‘இது நடக்கிற காரியமா?’ என்று உங்களையே கேளுங்கள். ஒரு வேளைக்கு இருபது மாத்திரை என்று வந்தால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. தினமும் பத்துக் கணக்கு, பதினைந்து நிமிடம், குழந்தை தூங்கும்போது. நம் ஊர்ப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது நல்ல பலம், பயப்படத் தேவையில்லை.

இரண்டாவது நியூஸ் 2. ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறை. நீங்கள் ஹெல்த்கேர் அசிஸ்டன்டாக இதை நூற்றுக்கணக்கான தடவை நிரப்பியிருப்பீர்கள். நிரப்புவது வேறு, படித்துப் புரிந்துகொள்வது வேறு. ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் கொடுக்காமல் சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) 94, மேல் ரத்த அழுத்தம் 104, நாடி 112, சுரம் 38.4, தெளிவாகப் பேசுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பதறவைக்கும் எண் இல்லை. கூட்டுங்கள்: 2, 1, 1, 2, 1. மொத்தம் 7. ஏழு என்றால் அவசர அழைப்பு. வகுப்பில் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்தக் கூட்டல் மட்டும் இல்லை. மூச்சு ஏன் முதலில் ஏறுகிறது, இது செப்சிஸாக (தொற்றால் உடலே பாதிக்கப்படும் ஆபத்தான நிலையாக) இருக்கலாமா, நர்ஸிடம் என்ன வார்த்தையில் சொல்வீர்கள் என்பதெல்லாம். திடீரென்று குழப்பமாகப் பேசத் தொடங்கினால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண் என்பதையும் நினைவில் வையுங்கள். வயதானவர்களிடம் இதைத்தான் அடிக்கடி தவறவிடுகிறோம்.

இதை ஒட்டியே, நீங்கள் இல்லாத காலத்தில் வந்த மாற்றங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2024இலிருந்து மருத்துவமனைகளில் வரத் தொடங்கிய ‘மார்த்தா விதி’ அதற்கு ஒரு நல்ல உதாரணம். 2021இல் இறந்துபோன சிறுமி மார்த்தா மில்ஸின் பெற்றோர் போராடிப் பெற்றது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கவலைப்பட்டால் வேறொரு குழு வந்து பார்க்கும்படி அவர்களே கேட்கலாம். உங்கள் வார்டில் அந்த அழைப்பு எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள்.

மூன்றாவது உடலியல். புத்தகம் முழுவதும் வேண்டாம். உங்கள் வார்டில் அதிகம் பார்க்கும் மூன்று நோய்களை எடுத்து, அவற்றுக்கு வேண்டிய உறுப்பை மட்டும் படியுங்கள். இதய நோயாளிகள் வார்டில் வேலை செய்பவர் இதயம், நுரையீரல், சிறுநீரகம் படித்தால் பாதிப் பாடம் கையில். என் சிறுநீரகப் பாடம் கடைசியில் புரிந்தது, நீர் போகும் மாத்திரை கொடுத்த ஒரு தாத்தாவின் திரவ வரவு செலவு அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான்.

படி 6: முதல் வகுப்பு நாள்

பழைய தோழிகள் முன்னால் போயிருப்பார்கள். சிலர் பின் நம்பர் (என்.எம்.சி. பதிவு எண்) வாங்கி வேலை செய்துகொண்டிருப்பார்கள். நீங்கள் உட்காரும் வகுப்பில் எல்லோரும் ஒரு வருடம் ஒன்றாகப் படித்தவர்கள், அவர்களுக்குள் வாட்ஸ்அப் குழு இருக்கும், மதியம் உட்காரும் மேசைகூட முடிவாகியிருக்கும். அந்த முதல் நாள் மதியம் நான் காரில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். மனம் கனக்கத்தான் செய்யும். அது உங்கள் தகுதியைப் பற்றிய செய்தி இல்லை.

இரண்டாவது வாரம் நானாகப் போய்ப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ‘குழுவில் என்னைச் சேர்த்துவிட முடியுமா?’ என்று கேட்டேன். அன்று மாலையே சேர்த்துவிட்டாள். அவளுக்கு மகப்பேறு வார்டு ப்ளேஸ்மென்ட் பற்றி நூறு கேள்வி இருந்தது, நான் அங்கே நோயாளியாகவே இருந்துவிட்டு வந்தவள். இடைவெளியில் நீங்கள் பார்த்தது, நோயாளியாகவோ நோயாளியின் மகளாகவோ இருந்தது, எல்லாம் வகுப்பில் பேசத் தகுந்த அறிவுதான்.

அந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்லெக்சியா, மனச்சோர்வு, நீண்ட நாள் வலி என்று எதுவும் இருந்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவிடம் சொல்லுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது, வகுப்பிலும் வார்டிலும். நம்மவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதில் இங்கே வந்துதான் தனக்கு டிஸ்லெக்சியா என்று கண்டுபிடிக்கிறார்கள். பள்ளியில் மக்கு என்று திட்டு வாங்கியதற்குக் காரணம் அதுவாக இருந்திருக்கிறது.

படி 7: எழுத்து வேலை

முதல் ஆண்டு லெவல் 4, இரண்டாம் ஆண்டு லெவல் 5. நான்கில் என்ன நடக்கிறது என்று விவரித்தால் போதும். ஐந்தில் ஏன், வேறு வழி உண்டா, ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று எழுத வேண்டும். இடைவெளிக்குப் பின் நேராக லெவல் 5 கட்டுரைக்கு உட்காருபவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியையும் பார்த்து, ‘ஆகவே’, ‘ஆனால்’ என்று பொருள்படும் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பத்தி வெறும் விவரிப்பு.

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் கட்டுரைகளுக்கு கிப்ஸ் 1988இல் தந்த ஆறு கட்டச் சுழற்சியைத்தான் அதிகம் கற்றுத் தருகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது ரோல்ஃப் முறையின் மூன்று கேள்விகள்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? நான் முதலில் இந்த மூன்றுக்கும் தமிழில் குரல் பதிவு செய்துகொள்வேன், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது, நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல். ஆங்கிலத்தில் யோசித்தால் பாடப்புத்தகம் மாதிரி வரும், தமிழில் பேசினால் உண்மையில் என்ன உணர்ந்தேன் என்பது வரும். அதை அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கட்டுரையில் நோயாளியின் பெயர், வார்டின் பெயர், மருத்துவமனையின் பெயர் எதுவும் வரக் கூடாது. மேற்கோளுக்கு எந்த முறை என்று கையேட்டில் பார்த்து, படிக்கும்போதே குறித்து வையுங்கள். கெடுவுக்கு முந்தின இரவு பக்க எண் தேடுவது கொடுமை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விதி வைத்திருக்கிறது, நீங்கள் இல்லாத காலத்தில் அது மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

படி 8: வார்டில் மாணவராக நிற்பது

திரும்பி வந்தவர்களுக்கு மிகக் கடினமான இடம் இதுதான் என்பது என் கருத்து. வார்டில் உங்களை எல்லோருக்கும் தெரியும். வேகமாக வேலை செய்பவர், கேட்டால் மறுக்காதவர். ஆள் குறைவான காலையில் பொறுப்பு நர்ஸ் முதலில் உங்களைத்தான் பார்ப்பார். ‘இன்றைக்கு மட்டும் அந்த ஆறு படுக்கையை எடுத்துக்கொள்ளம்மா.’ இன்றைக்கு மட்டும் என்பது வாரத்துக்கு மூன்று நாள் ஆகிவிடும், கற்றல் நேரம் கரைந்துவிடும்.

மறுப்பது சண்டை போடுவது ஆகாது. நான் சொல்லிப் பழகிய வாக்கியம் இது: ‘படுக்கைகளை எடுத்துக்கொள்கிறேன் சிஸ்டர். பதினொன்றிலிருந்து ஒன்றுவரை எனக்குக் கற்றல் நேரம், மருந்துச் சுற்றில் உங்களோடு நிற்க வேண்டும். அந்த நேரம் படுக்கைகளுக்கு யாரை விடலாம்?’ நேரத்தையும் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். என் வார்டில் ஒரு மலையாளச் சேச்சி, ரோட்டாவிலேயே என் பெயருக்கு எதிரில் அந்த இரண்டு மணியைச் சிவப்பில் குறித்து வைப்பார். நேரம் கிடைக்காத நாட்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை ப்ராக்டிஸ் எஜுகேஷன் குழுவுக்கு அனுப்பலாம். புகாராக இல்லாமல் பதிவாக.

யார் எதில் கையெழுத்திடுவார் என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ராக்டிஸ் சூப்பர்வைசர் அன்றாடம் கற்றுத் தருபவர். பதிவு பெற்ற எந்தச் சுகாதாரப் பணியாளரும், பிசியோதெரபிஸ்ட் உட்பட, அப்படி இருக்கலாம். ப்ராக்டிஸ் அசெஸர் உங்களை மதிப்பிடுபவர். ஒரே நேரத்தில் ஒரே மாணவருக்கு இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மதிப்பீட்டு ஆவணத்தில் தொடக்க, இடை, இறுதிச் சந்திப்புகள் இருக்கும். தொடக்கச் சந்திப்பை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ‘ஓர் இடைவெளிக்குப் பிறகு வந்திருக்கிறேன், மருந்து கொடுப்பதில் எனக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்’ என்று அதில் எழுதவே செய்யலாம். முன்பு தேறிய திறமையாக இருந்தாலும், கை பழகும்வரை யாராவது பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 9: வீடு

இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போகாதீர்கள். வேலை நேர விதிகளின்படி 24 மணி நேரத்தில் 11 மணி தொடர் ஓய்வு வேண்டும். அதைவிட, தூக்கமில்லாமல் கேட்ட பாடம் எதுவும் நிற்காது, திரும்பும் வழியில் ஸ்டியரிங்கில் கண் செருகும்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நர்சரியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அன்று யார் பார்ப்பது என்று இரண்டு பெயராவது வேண்டும். அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வருவதாக இருந்தால், அவர்கள் வரும் மாதங்களை வெளி ப்ளேஸ்மென்ட் மாதங்களோடு பொருத்துங்கள். வகுப்புக் காலத்தைத் தனியாகச் சமாளிக்கலாம், காலை ஏழரைக்கு வேறு ஊர் மருத்துவமனையில் நிற்க வேண்டிய ஏழு வாரத்தை முடியாது. கணவரிடமும் ‘உதவி’ கேட்காமல் நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: செவ்வாயும் வியாழனும் சமையலும் குளிப்பாட்டுவதும் அவருடையது என்று.

படி 10: தடுமாறினால்

கெடு நெருங்கும்போது முடியாது என்று தெரிந்தால் கெடுவுக்கு முன்னால் கேளுங்கள். நீட்டிப்புக்கும், தவிர்க்க முடியாத சூழ்நிலைக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. கெடு கடந்த பிறகு கேட்டால் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கடினம். வார்டில் இடைச் சந்திப்பில் அசெஸர் ‘ஆக்‌ஷன் ப்ளான்’ போட்டால் அது தோல்வி இல்லை. எதை, எந்தத் தேதிக்குள், யார் உதவியோடு என்று எழுதப்பட்ட தாள். அதில் அவர்கள் செய்ய வேண்டியதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.சி.என்., யூனிசன் என்ற தொழிற்சங்கங்கள் இரண்டிலும் பயிற்சியாளர்கள் உறுப்பினராகலாம். சிக்கல் வந்த பிறகு சேர்ந்தால் அந்தச் சிக்கலுக்கு உதவி கிடைக்காமல் போகலாம், ஆகவே திரும்பும் வாரத்திலேயே சேருங்கள்.

மணியும் திறமைகளும் மாட்யூல்களும் முடிந்ததும் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை என்.எம்.சி.க்கு அனுப்பும், நீங்கள் உடல்நலம், நன்னடத்தை பற்றிய உறுதிமொழியோடு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பின் நம்பர் வரும். நர்சிங் அசோசியேட் என்பது சட்டம் பாதுகாக்கும் பட்டம். பின் வரும்வரை, தேர்வெல்லாம் முடிந்திருந்தாலும், யார் ‘நீதான் தேறிவிட்டாயே’ என்று சொன்னாலும், அந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. பயிற்சியாளர் என்று எழுதிய பழைய பேட்ஜையே குத்திக்கொண்டு போங்கள். பின் வந்த நாளிலிருந்து நர்சிங் அசோசியேட்டுக்குரிய பேண்ட் 4 சம்பளம் கணக்கிடப்படுமா, அடுத்த மாதத்திலிருந்தா என்பதை மட்டும் மேனேஜரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.